விளையாட்டுச் சங்கம் யாருக்கு?

விளையாட்டு வேறு, அரசியல் வேறு என்று சொல்லுவோர் நம்மிடையே பலர் உண்டு. பந்தை உதைப்பதிலும் எறிவதிலும் தேசத்தின் சுகதுக்கம் என்ன அடங்கியிருக்கிறது என்று அவர்கள் வினவுகிறார்கள். ஆயினும் ஒரு விளையாட்டுச் சங்கத்தின் வாசலில் நின்று மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். மைதானம் யாருடையது? ஆடுவதற்கு ஓய்வுப் பொழுது யாருக்கு இருக்கிறது? இன்னார் உள்ளே வரலாம், இன்னார் வரலாகாது என்று தீர்மானிப்பவர் யார்? இம்மூன்றுக்கும் கிடைக்கும் விடையே, அந்த ஊரில் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்விக்கும் விடையாகும்.

2025-ம் வருஷம் ஜூன் மாதத்தில் ரக்பி பிரீமியர் லீக் என்ற போட்டி முதன் முறையாக நடைபெற்றது. ஆறு கோஷ்டிகள் கலந்துகொண்ட அப்போட்டியில் 'சென்னை புல்ஸ்' என்னும் கோஷ்டி முதலிடம் பெற்றது. கேட்பதற்குப் பெருமையான செய்திதான். ஆனால் ஆட்டங்கள் யாவும் மும்பையில் அந்தேரி மைதானத்திலேயே நடந்தன. ஆடியவர்களில் பலர் வெளிநாடுகளிலிருந்து அழைக்கப்பட்டவர்கள். சென்னையின் பெயர் மேலங்கியில் இருந்தது; சென்னைவாசிகள் அதைத் தொலைக்காட்சியில் கண்டு மகிழ்ந்தார்கள்.

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்ற மூன்று ஊர்களும் ஒரு பெரிய தொழிற் பிரதேசமாக இணைந்து நிற்கின்றன. 1949-ல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை எழுந்தது. 1964-ல் அங்கே தொழிற்பேட்டை ஏற்பட்டது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை ராணுவ டாங்கிகளைச் செய்துவருகிறது. உடல் வலிமையும் கட்டுப்பாடும் உள்ள இளைஞர்களுக்கு இங்கே குறைவில்லை. இவர்கள் சொந்தமாக ஒரு விளையாட்டுச் சங்கம் அமைக்க விரும்பினால் எந்த வழியைப் பின்பற்றுவது? இதற்கு ரக்பியின் சரித்திரமே சிறந்த பாடம் என்பது நமது அபிப்பிராயம். ஏனெனில், ஆட்டத்துக்காகத் தொழிலாளி இழக்கும் ஒரு நாள் கூலியை முன்னிட்டு ஓர் ஆட்டமே இரண்டாகப் பிளந்தது ரக்பியில்தான்.

ஆட்டமும் அதன் இரு கிளைகளும்

ரக்பியை அறியாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். முட்டை வடிவமான பந்தைக் கையில் ஏந்தி ஓடுவது இந்த ஆட்டம். பந்தை முன்னோக்கி எறியக் கூடாது. பக்கத்திலோ பின்னாலோ வரும் தன் கோஷ்டியாரிடந்தான் கொடுக்கலாம். ஓடுகிறவனை எதிரிகள் கட்டிப்பிடித்து வீழ்த்துவார்கள். எதிரியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றினால் புள்ளிகள் கிடைக்கும். 'யூனியன்' என்ற கிளையில் கோஷ்டிக்கு 15 பேர். 'லீக்' என்ற கிளையில் 13 பேர். லீக் ஆட்டத்தில் பந்துடன் ஆறு முறை பிடிபட்ட கோஷ்டி, பந்தை எதிரியிடம் விட்டுவிட வேண்டும். சடுகுடு ஆடிப் பழகிய நம்மவர்க்கு இதன் சுவை எளிதில் விளங்கும். சடுகுடுவில் மூச்சுக்கு எல்லை உண்டு. இங்கே பிடிக்கு எல்லை உண்டு. தனியாகப் புகுந்து, பலர் பிடியிலிருந்து திமிறி, எல்லையைத் தொடுவதே இரண்டிலும் வீரம்.

உருகிய ரூபாய்கள்

இந்தியாவில் ரக்பி ஆட்டத்தின் பழைய கதை கல்கத்தாவில் தொடங்குகிறது. 1872-ம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி, கிறிஸ்துமஸ் தினத்தன்று, அந்நகரில் வசித்த வெள்ளையர் இரு கட்சியாகப் பிரிந்து ஆடினார்கள். ஒரு பக்கம் இங்கிலாந்துக்காரர் 20 பேர். மறு பக்கம் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் நாட்டினர் 20 பேர். அந்த உற்சாகத்தில் அடுத்த மாதமே கல்கத்தா கால்பந்து சங்கம் ஸ்தாபிதமாயிற்று. முதல் வருஷத்திலேயே 137 அங்கத்தினர் சேர்ந்தார்கள். 1874-ல் லண்டனிலிருந்த ரக்பி யூனியனில் சங்கம் இணைந்தது.

அங்கத்தினரை இழுத்தது பந்து மட்டுமன்று. சங்கத்தில் மதுபானம் இலவசமாக வழங்கப்பட்டது. செலவு தாங்காமல் அந்த இலவசம் நிறுத்தப்பட்டதும் கூட்டம் குறையத் தொடங்கியது. ஆட்டக்காரர் பலரைக் கொடுத்துவந்த பட்டாளம் ஊரைவிட்டு மாற்றப்பட்டது. வங்காளத்தின் வெப்பத்துக்குப் போலோவும் டென்னிஸுமே ஏற்றவை என்று மற்றவர்கள் ஒதுங்கினார்கள். ஐந்து வருஷத்துக்குள் சங்கம் ஓய்ந்தது. ஆனால் பாங்கியில் பணம் மிஞ்சியிருந்தது. அதை என்ன செய்வது?

சங்கத்தின் தலைவராகவும் காரியதரிசியாகவும் பொக்கிஷதாரராகவும் ஒருங்கே இருந்த ரோத்னி என்பவர், 1877-ம் வருஷம் டிசம்பர் 20-ந் தேதி லண்டனுக்குக் கடிதம் எழுதினார். மிஞ்சிய பணத்தை வெள்ளி ரூபாய்களாகவே வாங்கி, உருக்கி, இந்திய வேலைப்பாடுள்ள ஒரு கோப்பையாகச் செய்து அனுப்புவதாக அவர் தெரிவித்தார். அப்படியே செய்தும் அனுப்பினார். மூன்று நாகங்கள் கைப்பிடிகளாக நிற்க, மூடியின்மேல் யானை ஒன்று வீற்றிருக்கும் அந்தக் கோப்பைக்குக் கல்கத்தா கோப்பை என்று பெயர். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அதற்காக ஆடிவருகின்றன. 1988-ல் எடின்பரோ நகரில் இரு கட்சியையும் சேர்ந்த ஆட்டக்காரர் இருவர் இரவில் அதைத் தெருவுக்கு எடுத்துச் சென்று நசுக்கிவிட்டதும், பிறகு அது செப்பனிடப்பட்டதும் உலகறிந்த வேடிக்கை.

இனி, அதே 1877-ம் வருஷத்தில் நமது சென்னை ராஜதானி இருந்த நிலையைச் சற்று நினைத்துப் பார்ப்போம். 1876 முதல் 1878 வரையில் தக்ஷிணத்தை அழித்த மகா பஞ்சம் அது. லட்சக்கணக்கானோர் மாண்டனர். நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் துரை கூலியைக் குறைத்தார். கூவத்தையும் அடையாற்றையும் இணைத்துப் பக்கிங்ஹாம் கால்வாயின் பகுதியை வெட்டியவர்கள் இந்தப் பஞ்சக் கூலிகளே.

கல்கத்தா சங்கத்தார் தங்கள் பணத்தைத் தங்கள் இஷ்டப்படி செலவழித்தார்கள்; பஞ்சத்தை அவர்கள் உண்டாக்கவில்லை. ஆயினும் வெள்ளியும் ஓய்வும் தேசத்தில் யாரிடம் குவிந்திருந்தன, பசியும் உழைப்பும் யாருக்கு மிஞ்சின என்பதை இவ்விரண்டு காட்சிகளும் அருகருகே நின்று சொல்லுகின்றன. அழகிய கோப்பையை விட்டுச் சென்ற அச்சங்கம், கல்கத்தாவின் ஜனங்களிடம் எதையும் விட்டுச் செல்லவில்லை. அவர்களை அது சேர்த்துக்கொள்ளவுமில்லை. 1884-ல் சங்கம் மறுபடி உயிர்பெற்றது உண்மையே; ஆனால் முதல் சங்கம் மறைந்ததன் காரணம் தெளிவாக இருக்கிறது. வந்தேறிகளின் பொழுதுபோக்காக இருந்தது, அவர்கள் போனதும் போயிற்று.

ஆறு ஷில்லிங் வழக்கு

கோப்பையைப் பெற்றுக்கொண்ட லண்டன் ரக்பி யூனியன் 1871-ல் ஏற்பட்டது. பெரும் பணக்காரரின் பிள்ளைகள் பயிலும் பள்ளிக்கூடங்களில் படித்தவர்களே அதன் தலைவர்கள். ஆனால் ஆட்டமோ வெகு சீக்கிரத்தில் வட இங்கிலாந்தின் யார்க்ஷயர், லங்காஷயர் ஜில்லாக்களில் பரவியது. அங்கே ஆடியவர்கள் பஞ்சாலை, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள். சனிக்கிழமை வெளியூரில் ஆட்டம் என்றால் அன்றைய வேலையை விட்டுத்தான் போகவேண்டும். வேலையை விட்டால் கூலி இல்லை.

இழந்த கூலியைச் சங்கமே ஈடு செய்யலாம் என்று யார்க்ஷயர்க்காரர் யோசனை கூறினர். ஆடுவதற்குச் சம்பளம் என்று அவர்கள் கேட்கவில்லை. உடைந்துபோன வேலை நேரத்துக்கு ஈடுதான் கேட்டனர். 1893-ம் வருஷம் செப்டம்பரில் லண்டனில் கூடிய பொதுக்கூட்டத்தில் இந்தத் தீர்மானம் 282-க்கு 136 வாக்குகளால் தோற்கடிக்கப்பட்டது. பணம் பெற்றால் ஆட்டத்தின் தூய்மை கெடும் என்பது எதிர்த்தவர்களின் வாதம். வசதியில்லாதவன் ஆடாமலிருந்துவிடட்டும் என்று வெளிப்படையாகவே பேசியவர்களும் உண்டு.

1895-ம் வருஷம் ஆகஸ்டு 29-ந் தேதி ஹடர்ஸ்பீல்டு நகரில் ஜார்ஜ் ஹோட்டலில் வட இங்கிலாந்துச் சங்கங்களின் பிரதிநிதிகள் கூடினர். லண்டன் யூனியனிலிருந்து விலகி, வடக்கு யூனியன் என்ற தனி ஸ்தாபனத்தை நிறுவினர். வேலை நஷ்டத்துக்கு நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங்குக்கு மேற்படாமல் கொடுக்கலாம் என்று விதி செய்தனர். 1898-ல் சம்பள ஆட்டத்தையும் அனுமதித்தனர். எனினும் ஆட்டக்காரன் வேறு நேர்மையான தொழிலும் செய்தாக வேண்டும் என்று கண்டிப்பாக விதித்தனர். 1906-ல் கோஷ்டியை 13 பேராகக் குறைத்து ஆட்டத்தை வேகப்படுத்தினர். 1922-ல் இந்த ஸ்தாபனமே ரக்பி லீக் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

லண்டன் பிரபுக்கள் எடுத்த ஆயுதத்தின் பெயர் 'அமெச்சூர்' என்பது. இந்தச் சொல் தமிழருக்குப் புதிதன்று. 1891-ல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது, வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் பணம் பெறாமல் மேடையேறினார்கள். நாடகத்துக்கு அதனால் கௌரவம் உண்டாயிற்று என்பதை யாரும் மறுக்க இயலாது. ஆனால் நாடகத்தையே நம்பி வாழ்ந்த கம்பெனி நடிகனை அதே சமூகம் கூத்தாடி என்று இகழ்ந்தது. பணம் வாங்காமல் ஆடுவது நல்ல குணந்தான். ஆனால் பணம் தேவைப்படாத நிலையில் இருப்பவனே அந்தக் குணத்தை எளிதில் காட்டமுடியும். அதை எல்லோருக்கும் சட்டமாக்கினால், அது ஏழையைத் தடுக்கும் சுவராகிவிடுகிறது.

சுரங்கக் கிராமத்தின் சங்கம்

லீக் கிளையில் ஆடிய யாவரும் பணம் பெற்றவர்கள் என்று எண்ணுவது தவறு. பட்டணங்களின் பெரிய சங்கங்கள் சம்பளம் கொடுத்தன. ஆனால் சுரங்கக் கிராமங்களிலும் ஆலைத் தெருக்களிலும் சல்லிக் காசு பெறாமல் ஆடிய சிறு சங்கங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. உண்மையான அமெச்சூர்கள் அவர்களே. யார்க்ஷயரில் வேக்பீல்டு நகருக்கு அருகே சார்ல்ஸ்டன் என்ற நிலக்கரிக் கிராமம் உண்டு. அங்கே வளர்ந்த 'சார்ல்ஸ்டன் ரோவர்ஸ்' சங்கத்தை உதாரணமாகக் கொள்ளலாம்.

ஒரு கிராமம், ஒரு சுரங்கம், ஒரு மைதானம். சனிக்கிழமை மைதானத்தில் ஒருவன் விழுந்தால் தூக்கிவிடுபவன், மறுநாள் பூமிக்கடியிலும் அவன் பக்கத்திலேயே நிற்பவன். இந்தக் கிராமத்திலிருந்து வந்த ஜான்டி பார்க்கின், 1924-லும் 1928-லும் ஆஸ்திரேலியா சென்ற பிரிட்டிஷ் கோஷ்டிக்குத் தலைவராக விளங்கினார். 1946-ல் சார்ல்ஸ்டன் ரோவர்ஸ், சாலஞ்ச் கோப்பைப் போட்டியின் முதல் சுற்றில் சம்பளக் கோஷ்டியான வொர்க்கிங்டன் டவுனை முதல் ஆட்டத்தில் 12-க்கு 7 என்று வென்றது. மறு ஆட்டத்தில் தோற்று வெளியேறிய போதிலும், கூலிக்காரர் சங்கம் ஒன்று சம்பளக்காரரை முறியடித்த செய்தி நிலைத்து நின்றது.

அதே ஊரில் பிறந்த ஃபாக்ஸ் சகோதரர் மூவர் பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்றனர். நீல் ஃபாக்ஸ் தமது ஆட்ட வாழ்வில் 6,220 புள்ளிகள் எடுத்தார். லீக் ஆட்டத்தில் அது உலக சாதனை. மூத்தவரான பீட்டர், பிரிட்டிஷ் கோஷ்டிக்கே பயிற்சியாளரானார். டான் ஃபாக்ஸின் பெயரை நினைவூட்டுவது ஒரு தோல்வி. 1968-ல் வெம்பிளி மைதானத்தில் மழைநீர் தேங்கிய தரையில் நடந்த இறுதியாட்டத்தில், கடைசி நிமிஷத்தில் கம்பத்துக்கு நேர் எதிரே எளிய உதை ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதை அவர் தவறவிட்டார். வேக்பீல்டு 11-க்கு 10 என்று லீட்ஸிடம் தோற்றது. அன்றைய சிறந்த ஆட்டக்காரர் என்ற பரிசும் அவருக்கே கிடைத்திருந்தது.

இந்தக் கிராமத்துச் சங்கங்களை லண்டன் யூனியன் எப்படி நடத்தியது? லீக் மைதானத்தில் ஆடியவன், ஒரு காசும் பெறாதவனாயினும், யூனியன் ஆட்டத்தில் அடியெடுத்து வைக்கக் கூடாது என்ற தடை நெடுங்காலம் நடந்துவந்தது. அமெச்சூர் கொள்கைதான் காரணமென்றால் காசு பெறாதவனைத் தடுப்பானேன்? வர்க்க பேதமே அங்கே விதியாக நின்றது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. மறுபுறம், லீக்கின் பெரிய சங்கங்களும் இந்தச் சிறு சங்கங்களைக் கவனிக்காமல் விட்டன. நாளடைவில் அவை குன்றின. கடைசியில் 1973-ல், அதே ஹடர்ஸ்பீல்டில், அமெச்சூர் சங்கத்தார் தாங்களே கூடி பிரிட்டிஷ் அமெச்சூர் ரக்பி லீக் சங்கத்தை ஏற்படுத்திக்கொண்டனர். தங்களை நிர்வகிக்கும் உரிமையைத் தாங்களே எடுத்துக்கொண்ட பிறகே அவர்களுக்கு மறுவாழ்வு பிறந்தது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1995-ம் வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில், ஹடர்ஸ்பீல்டு கூட்டத்தின் நூற்றாண்டு நிறைவுக்குச் சில நாட்களே இருக்கையில், யூனியன் கிளையின் சர்வதேச ஸ்தாபனம் சம்பள ஆட்டத்தை அனுமதித்தது. தொழிலாளி ஆறு ஷில்லிங் கேட்டபோது பாவமாயிருந்த காரியம், தொலைக்காட்சிப் பணம் வந்தபோது புண்ணியமாகிவிட்டது.

நமது முன்னோர் செய்தது

மூடிய கதவுக்கு முன்னால் நின்று முறையிடுவதோடு நம்மவர் ஓயவில்லை. சென்னையில் சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்தில் ஆடச் சென்ற இந்தியர்கள், வெள்ளையரின் கொட்டகைக்குள் நுழைய அனுமதியின்றி மரத்தடியில் ஒதுங்கிய காலம் ஒன்றிருந்தது. அதைக் கண்டு மனம் பொறாத புச்சிபாபு நாயுடு, 1888-ல் மதராஸ் யுனைடெட் கிளப்பை நிறுவினார். மட்டையும் பந்தும் தாமே வாங்கிக் கொடுத்து இளைஞரைப் பழக்கினார். இந்தியரும் ஐரோப்பியரும் மோதும் ராஜதானி ஆட்டம் பிறப்பதற்கு அவர் உழைப்பே காரணம். அவரோ 1908-ல், அது நடைபெறும் தறுவாயில் காலமானார்.

கல்கத்தாவில் வெள்ளையர் சங்கம் ரூபாயை உருக்கிய பதினோரு வருஷங்களுக்குப் பின், 1889-ல், வங்காளிகள் மோகன் பகான் சங்கத்தைத் தொடங்கினர். 1911-ம் வருஷம் ஜூலை 29-ந் தேதி அச்சங்கம் கால்பந்தில் கிழக்கு யார்க்ஷயர் பட்டாளத்தை 2-க்கு 1 என்று வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலுடன் ஆடியவர்கள். அந்தச் செய்தி தேசமெங்கும் ஊட்டிய தன்னம்பிக்கையைப் பல பொதுக்கூட்டங்கள் சேர்ந்தும் ஊட்டியிருக்க முடியாது.

அண்டை நாடான இலங்கையில் ரக்பியே இந்த வழியில் நடந்தது. 1891-ல் கண்டியில் கிங்ஸ்வுட் கல்லூரியைத் தொடங்கிய எல். ஈ. பிளேஸ், மாணவர்களுக்கு ரக்பியைக் கற்பித்தார். 1906-ல் கிங்ஸ்வுட்டும் டிரினிட்டி கல்லூரியும் ஆடிய ஆட்டமே அங்கே முதல் பள்ளி ஆட்டம். கொழும்பில் ஐரோப்பியர் சங்கங்களில் இடம் பெறாத இலங்கையர், 1922-ல் தங்களுக்கென்று ஒரு ரக்பி சங்கம் அமைத்தனர். இன்று இலங்கையில் பள்ளிக்கூட ரக்பியைக் காண ஆயிரக்கணக்கில் ஜனங்கள் திரளுகிறார்கள் என்றால், ஆட்டத்தை அவர்கள் துரைமாரிடமிருந்து தங்களுடையதாக்கிக்கொண்டதே காரணம்.

மேற்குப் புறநகர் செய்யவேண்டுவது

இந்தச் சரித்திரத்தை அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது, பொழுது. 1918-ம் வருஷம் ஏப்ரல் 27-ந் தேதி பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, வாடியாவும் திரு. வி. க.வும் கேட்ட குறைகளில் முக்கியமானவை, நீண்ட வேலை நேரமும் போதாத மத்தியான இடைவேளையுமே. கூலியைப் போலவே பொழுதும் தொழிலாளியின் உரிமை என்ற உணர்ச்சி நமது நகரில் அன்றே பிறந்துவிட்டது. 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. ஆனால் வாரத்துக்கு வாரம் ஷிப்டு மாறும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு, மற்றப் பத்துப் பேருக்கும் ஓய்வான மாலை தனக்கும் ஓய்வாக வாய்ப்பது அரிது. பதின்மூன்று பேர் ஒரே மாலையில் கூடாமல் ஒரு சங்கம் எவ்வாறு நடக்கும்? ஆட்ட தினத்தில் ஷிப்டை மாற்றிக்கொள்ளும் சலுகையைத் தொழிற்சங்கங்கள் தங்கள் கோரிக்கைகளில் சேர்க்கவேண்டும். ஆறு ஷில்லிங் வழக்கு இன்று நம்மிடையே இந்த ரூபத்தில்தான் நிற்கிறது.

இரண்டாவது, இடம். அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சியாயிற்று. வரி செலுத்தும் ஜனங்களுக்கு மைதானம் ஒதுக்குவது இந்த ஸ்தாபனங்களின் கடமை. பெரிய ஆலைகளுக்கும் அரசாங்கத் தொழிற்சாலைகளுக்கும் சொந்தமான மைதானங்களும், பள்ளிக்கூட மைதானங்களும், வேலை நேரம் கழிந்த பின் பூட்டிக் கிடப்பதில் யாருக்கு லாபம்? நியாயமான விதிகளுடன் அவற்றைத் திறந்துவிடுமாறு கேட்கலாம். 1955-ல் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சமதர்மப் பாங்கான சமுதாயமே தேசத்தின் லட்சியம் என்று தீர்மானித்தது. அந்த ஆவடியில், ஆடுவதற்கு ஒரு மைதானம் பொதுவில் வேண்டும் என்று கேட்பது பெரிய பேராசையன்று.

மூன்றாவது, கதவு. வெள்ளையர் மூடிய கதவைக் கண்டித்த நாம், நமது சங்கங்களில் ஜாதியின் பேராலோ, தெருவின் பேராலோ, நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி என்ற பேதத்தாலோ வேறு கதவுகளைப் பொருத்திவிடக் கூடாது. பீகாரிலிருந்தும் ஒரிஸாவிலிருந்தும் பிழைக்க வந்து நம்மோடு உழைக்கும் இளைஞனுக்கும் இடம் வேண்டும். பெண்களுக்கும் வேண்டும். 2019-ல் இந்தியப் பெண்கள் கோஷ்டி சிங்கப்பூரை 21-க்கு 19 என்று வென்று, பதினைந்து பேர் ஆட்டத்தில் முதல் சர்வதேச வெற்றியைப் பெற்றதை மறக்கலாகாது.

நான்காவது, உடலின் பாதுகாப்பு. கட்டிப்பிடித்து வீழ்த்தும் ஆட்டத்தில் காயம் நேரும். தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டால் மூளை கெடும் என்பது இப்போது தெளிவாகியிருக்கிறது. இங்கிலாந்தில் இரு கிளைகளையும் சேர்ந்த முன்னாள் ஆட்டக்காரர் பலர் இதற்காக வழக்குத் தொடுத்திருக்கின்றனர். கை ஒடிந்தால் கூலி போகும் நிலையில் உள்ளவனை, எவ்விதப் பாதுகாப்புமின்றி மைதானத்தில் இறக்குவது வீரமாகாது. ஈ.எஸ்.ஐ. காப்பு இல்லாத அங்கத்தினருக்காகச் சங்கமே ஒரு நிதி சேர்க்கவேண்டும். பழகத் தொடங்குவோர் வீழ்த்தும் ஆட்டத்துக்குப் பதில் தொட்டால் போதும் என்ற ஆட்டத்தை முதலில் ஆடலாம்.

கடைசியாக, கணக்கு. தனவந்தர் ஒருவர் தயவில் நடக்கும் சங்கம் அவர் மனம் மாறும் வரைதான் நடக்கும். மாதச் சந்தா சிறியதாயினும் எல்லோரும் கொடுத்து, வரவு செலவை எல்லோரும் காணும்படி பலகையில் எழுதி வைக்கும் சங்கம் நீடித்திருக்கும். கல்கத்தா சங்கத்தில் தலைவர், காரியதரிசி, பொக்கிஷதாரர் மூவரும் ஒருவராகவே இருந்ததைக் கவனிக்க. அங்கத்தினர் விலகிய பின் அலுவல்கள் மாத்திரம் மிஞ்சின.

ஆட்டம் ரக்பியாக இருக்கட்டும், கால்பந்தாக இருக்கட்டும், நமது சடுகுடுவாகவே இருக்கட்டும். இந்த ஏற்பாடுகள் யாவற்றுக்கும் பொது. நமது தேச பக்தர்களும் தொழிற்சங்க ஊழியர்களும் இதைச் சிறு காரியம் என்று எண்ணி ஒதுக்கிவிடக் கூடாது. ஒன்று கூடுவதும், விதி செய்து அதற்குக் கட்டுப்படுவதும், தோல்வியைப் பொறுப்பதும், பொதுப் பணத்துக்குக் கணக்குச் சொல்லுவதும் சுயராஜ்யத்தின் பாலபாடங்கள். அவற்றைப் பதினெட்டு வயது இளைஞன் மேடைப் பேச்சில் கற்பதைவிட மைதானத்தில் நன்றாகக் கற்பான்.

மும்பையில் வென்ற கோஷ்டியை நாம் வாழ்த்துகிறோம். அடுத்த வெற்றிச் செய்தி வரும்போது, வென்றவர்களில் அம்பத்தூர்ப் பட்டறையிலிருந்து ஒருவனும் பூந்தமல்லித் தெருவிலிருந்து ஒருவனும் இருப்பார்களேயானால், அந்த வாழ்த்தை இன்னும் உரத்த குரலில் சொல்லுவோம். அதற்கு வேண்டியவை ஒரு மைதானமும், வாரத்தில் இரண்டு மாலைப் பொழுதுகளும், திறந்த கதவுமே. அவற்றைக் கேட்டுப் பெறும் வேலையை அந்தந்த வட்டாரத்து ஊழியர்கள் உடனே தொடங்குவார்களாக.